உட்கார இடம் கொடுத்த ஊர்

வெளியூர் சொந்தக்காரர்கள் சென்னைக்கு வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுக் கிளம்பும்போது, "என்னென்ன பிடித்தது?" என்று கேட்டுப்பாருங்கள். பீச், கபாலீஸ்வரர் கோயில், தி.நகரில் கடை கடையாக ஏறி இறங்கியது, பெசன்ட் நகரில் மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டது என்று அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். பளபளவென்று கண்ணாடி போட்ட புதுக் கட்டடங்களை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வெளிநாட்டில் குடியேறிய நம் பிள்ளைகளைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான் வரும்.

இந்தப் பட்டியலில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இவற்றில் எதற்கும் டிக்கெட் கிடையாது. நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போகலாம். ஒரு பெரிய ஊர் மனிதனை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு இது முக்கியமான காரணம் என்பது ஐம்பது வருஷத்துக்கு மேல் இங்கே குப்பை கொட்டியவன் என்ற முறையில் என் அபிப்பிராயம்.

ஆனால் இந்த இடங்கள் தானாக வந்துவிடவில்லை. "இங்கே கட்டடம் வேண்டாம், காலியாக இருக்கட்டும்" என்று யாரோ ஒரு காலத்தில் முடிவு எடுத்ததால்தான் இன்று இருக்கின்றன. அப்படி முடிவு எடுத்தபோது சிலருக்கு நஷ்டமும் வந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

மெரினாவிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்த விரிந்த மணல் ஆதிகாலத்திலிருந்து அப்படியே இருப்பதாகத்தான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. 1870-களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டும் வேலை தொடங்குவதற்கு முன்பு, கடல் இன்றைக்கு இருப்பதைவிட மிகவும் கிட்டத்தில் இருந்தது. நம் கடற்கரையோரமாக நீரோட்டம் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணலை இழுத்துக்கொண்டு போகும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்களை நீட்டியதும் அந்த மணல் தடுக்கப்பட்டுச் சுவருக்குத் தென்புறம் சேர ஆரம்பித்தது. வருஷா வருஷம் கரை அகலமாகிக்கொண்டே போனது. நமக்கு மெரினா கிடைத்தது அப்படித்தான். அதே காரணத்தால் வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் போகவேண்டிய மணல் போகாமல் அங்கே கடல் கரையை அரிக்க ஆரம்பித்தது. இன்றும் அங்கே பாறாங்கல்லைக் கொட்டித்தான் கரையைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. தென்சென்னைக்காரர்கள் காற்று வாங்கும் மணலுக்கு வடசென்னைக்காரர்கள் விலை கொடுத்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

சேர்ந்த மணலை என்ன செய்வது என்று முடிவு செய்தவர் கவர்னர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன் கிராண்ட் டஃப். 1881 முதல் 1886 வரை இங்கே கவர்னராக இருந்தார். 1884-85 வாக்கில் கடலோரமாக ஓர் உலாவும் சாலையைப் போட்டு, தாம் பார்த்திருந்த சிசிலித் தீவின் கடற்கரை நினைவில் 'மெரினா' என்று பெயர் வைத்தார். கடலைப் பார்த்த நிலம் என்றால் வெள்ளைக்காரர்கள் பங்களா கட்டியிருக்கலாம், கிடங்கு கட்டியிருக்கலாம். சாலைக்கு மேற்கே பிரசிடென்சி கல்லூரி, பல்கலைக்கழகக் கட்டடம் என்று வந்தன. சாலைக்குக் கிழக்கே பெரும்பகுதி திறந்தவெளியாகவே விடப்பட்டது.

அந்தத் திறந்தவெளிதான் பிறகு ஊரின் பொதுக்கூட்ட மைதானம் ஆயிற்று. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் காந்தி பேசினார், திலகர் கட்டம் என்றே ஒரு பெயர் ஏற்பட்டது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இந்தச் சென்னைக் கடற்கரை ஓரத்தில்தான். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959-ல் வந்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததை நாமே பார்த்தோம்.

1972-ல் எனக்கு வங்கியில் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தபோது, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் மூன்று பேருக்கு ஓர் அறை. மூன்று கட்டிலும் போட்டால் நடக்க இடம் இருக்காது. ஜன்னல் பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திறக்கும். அந்த மேன்ஷன்களில் இருந்த ஆயிரக்கணக்கான பேருக்கும் மெரினாதான் கூடம், திண்ணை, மொட்டை மாடி எல்லாம். ஆறு மணிக்குப் போனால் ஒன்பதரைக்குத் தூக்கம் வரும்போதுதான் திரும்புவோம். செலவு ஒரு பொட்டலம் கடலை. அந்தக் கடற்கரை இல்லாவிட்டால் முதல் வருஷமே ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருப்பேன் என்று பலமுறை நினைத்ததுண்டு.

ஆனால் அதே மணல் சிலருக்கு வீட்டு வாசல், தொழில் செய்யும் இடம். நடுக்குப்பம், அயோத்தியாகுப்பம், நொச்சிக்குப்பம் மக்கள் மெரினா என்ற பெயர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். 1985-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியின்போது கடற்கரையை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அங்கிருந்து அப்புறப்படுத்த முனைந்தார்கள். அது பெரிய மோதலாகி, டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2023-ல் மறுபடி லூப் சாலை ஓரத்து மீன் கடைகளை எடுக்கச் சொல்லிப் பிரச்சினை கிளம்பி, இப்போது அங்கே மீன் அங்காடி ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. ஊர் அழகாக இருக்க வேண்டும் என்று நாம் சொல்லும்போது, யாரை அங்கிருந்து எழுப்பிவிட்டு அழகாக்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டுமரமும் வலையும் இல்லாத மெரினாவைப் பார்க்க யார் வரப்போகிறார்கள், சொல்லுங்கள்.

அடுத்து மயிலாப்பூர். இங்கே திறந்தவெளி நகரமைப்பு அதிகாரிகள் கொடுத்ததல்ல, கோயில் கொடுத்தது. குளமும் நான்கு மாடவீதிகளும்தான் அந்த ஊரின் அமைப்பு. தேர் திரும்ப வேண்டும் என்பதற்காக வீதி அகலமாக இருந்தது. பங்குனியில் தேர், மறுநாள் அறுபத்துமூவர் என்று லட்சக்கணக்கான பேர் வந்து போக அந்த அகலம்தான் உதவுகிறது. மோர்ப்பந்தலும் விசிறியுமாக வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பது மயிலாப்பூர்க்காரர்களின் வழக்கம். குளத்துக்கான நிலத்தை ஆற்காடு நவாப் கொடுத்ததாகச் சொல்வார்கள். மொகரம் நாளில் முஸ்லிம்கள் அந்தக் குளத்தைப் பயன்படுத்தும் வழக்கத்தையும் பலர் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் மேற்கே போனால் 1516-ல் கட்டிய லஸ் மாதா கோயில். காட்டுக்குள் இருந்ததால் 'காட்டுக் கோயில்' என்று பெயர். கிழக்கே சாந்தோம். எல்லாம் நடந்து போகிற தூரம். வெளிநாட்டுக்காரர்கள் மயிலாப்பூரில் மயங்குவதற்கு இந்த நடைதூரம் ஒரு முக்கியக் காரணம். காலையில் ஒரு மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பதினோரு மணிக்குள் நானூறு ஐந்நூறு வருஷத்தைச் சுற்றிப் பார்த்துவிடலாம்.

உட்காரும் இடங்களுக்கும் மயிலாப்பூரில் குறைவில்லை. 1904-ல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முயற்சியில் வந்த ரானடே நூலகம் லஸ்ஸில் இருக்கிறது. லஸ் சர்ச் சாலையில் நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் தைலத்தையும் 'ஆந்திர பத்திரிகா'வையும் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயர் அது. அவர் வீடு 'ஸ்ரீபாக்' அதே வட்டாரத்தில் இருந்தது. ஆந்திரத் தலைவர்கள் 1937-ல் ஸ்ரீபாக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அங்கேதான். இன்று அந்தப் பூங்காவில் காலையில் நடக்கிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி கேட்கிறவர்கள் என்று எப்போதும் ஆள் இருக்கிறது.

மார்கழி சீசனும் இந்தக் கணக்கில் சேரும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. 1929-ல் மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா. மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். மத்தியானக் கச்சேரிகளைச் சபாக்களில் இலவசமாகவே கேட்கலாம் என்பது நெடுநாள் வழக்கம். இளைய வித்வான்கள் பாட, பென்ஷன்காரர்கள் முன் வரிசையில் தாளம் போட, பிறகு கேண்டீனில் ஒரு காபி. உலகத்தின் வேறெந்தப் பெரிய ஊரிலும் கையில் பத்துக் காசு இல்லாதவன் மாதம் முழுக்க இப்படி உயர்ந்த சங்கீதம் கேட்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது தி.நகர். இதன் கதை மற்றதிலிருந்து வேறு, ஏனென்றால் இது திட்டம் போட்டுக் கட்டிய பேட்டை. நுங்கம்பாக்கம் ஏரியும் மாம்பலம் ஏரியும் சேர்ந்து ஒரு நீண்ட ஏரியாக வளைந்து கிடந்தன. வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். நுங்கம்பாக்கத்தில் இன்றும் 'லேக் ஏரியா', 'டேங்க் பண்ட் ரோடு' என்ற பெயர்கள் இருக்கின்றனவே, அந்த ஏரியின் மிச்சம் அவை. ஊரில் வீட்டுத் தட்டுப்பாடு. 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் 1923-25 வாக்கில் மாம்பலம் ஏரிப் பகுதியை மேடாக்கி மனை பிரித்தார்கள். கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் 1925-ல் காலமானார். பேட்டைக்குத் தியாகராய நகர் என்று அவர் பெயர். தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் கட்சிப் பிரமுகர்களின் பெயர்கள்: பனகல் அரசர், டாக்டர் நடேச முதலியார், உஸ்மான், தணிகாசலம் செட்டியார், கோபதி நாராயணசாமி செட்டி. தி.நகரில் ஒரு சுற்று நடந்தால் நீதிக்கட்சியின் வரலாற்றைப் பாதி படித்துவிடலாம்.

அந்தத் திட்டத்தின் நடுவில் பனகல் பூங்கா. அங்கிருந்து சாலைகள் நாலா பக்கமும் விசிறி மாதிரி பிரியும். மேற்கே மாம்பலம் ஸ்டேஷன், கிழக்கே மவுண்ட் ரோடு. வெங்கட்நாராயணா சாலையில் நடேசன் பூங்கா. நிலம் விற்றால் பணம் வரும் என்று தெரிந்தே இந்தப் பூங்காக்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனாலும் ஆரம்பத்தில் ஜனங்கள் வரத் தயங்கினார்கள். பட்டணத்தை விட்டு வெகுதூரம் என்ற எண்ணம். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் அந்தத் தயக்கம் போயிற்று. அதற்குள் 1928-ல் நல்லி வந்தாயிற்று. இந்திப் பிரசார சபா இங்கே இடம் அமைத்துக்கொண்டது. 1946-ல் அதன் வெள்ளிவிழாவுக்குக் காந்தி வந்து தங்கினார். நாகையா முயற்சியில் வாணி மஹால் வந்தது. சினிமாக்காரர்களும் எழுத்தாளர்களும் குடிவந்தார்கள்.

ரங்கநாதன் தெரு கடைத்தெருவான காரணமும் ரயில்தான். ஸ்டேஷனிலிருந்து உஸ்மான் ரோட்டுக்குப் போகிற வழி அது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் நடந்து போகிற தெருவில் ஒருவர் கடை போட்டார், பக்கத்தில் இன்னொருவர் போட்டார். குடியிருப்புக்காகப் போட்ட சின்னத் தெரு தீபாவளிச் சந்தையாகிவிட்டது.

ஏரியின் மேல் ஊரைக் கட்டியதற்கு மழைக்காலத்தில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. மாம்பலம் கால்வாய் அந்தப் பழைய ஏரிப் பகுதித் தண்ணீரை நந்தனம் வழியாக அடையாற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். கால்வாய் குறுகினால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும். 2015 டிசம்பரை யாரும் மறக்க முடியாது. 2021 நவம்பரிலும் தி.நகர்த் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. "ஏரியில் வீடு கட்டினால் ஏரி வீட்டுக்குள் வரும்" என்று எங்கள் கிளையில் இருந்த பழைய மாம்பலத்துக்காரர் அந்தக் காலத்திலேயே சொல்லிக் கொண்டிருப்பார்.

தனியார் நடத்திய இடமும் ஒன்று உண்டு. கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ். 1962-ல் அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் திறந்தார்கள். மரநிழலில் காரை நிறுத்தினால் கதவுக்கே தட்டு வரும். கார் இல்லாதவர்களும் உள்ளே போய் ஒரு காபியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசலாம், யாரும் பில்லை நீட்டி விரட்ட மாட்டார்கள். வேலை தேடுகிறவர்கள், மெடிக்கல் ரெப்புகள், கதை விவாதம் செய்யும் சினிமா உதவி இயக்குநர்கள் எல்லோருக்கும் அதுதான் ஆபீஸ். 2008-ல் மூடினார்கள். 2010-ல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் உண்டு, ஆனால் மரங்கள் இருக்கின்றன. அடுக்குமாடி வரவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

அடையாறில் 1882-ல் தியசாஃபிகல் சொசைட்டி ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கியதால் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு காடு தப்பியது. பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் விழுந்தாலும் விழுதுகள் நிற்கின்றன. பெசன்ட் நகர்க் கடற்கரையில் நிற்கும் வெள்ளை மண்டபம், 1930-ல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டேனிஷ்காரரின் நினைவுச்சின்னம். அந்தப் படியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

முகத்துவாரத்தின் இந்தப் பக்கம், அடையாறு உப்பங்கழியில் வெகுகாலம் இடிபாடுகளையும் குப்பையையும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலத்தில் கட்டடம் கட்டும் யோசனைகளும் இருந்தன. 1990-களில் பொதுநல வழக்கு நடந்தது. கடைசியில் 58 ஏக்கரில் குப்பையை அகற்றி, சதுப்பு நிலத்தை மீட்டு, 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாக ஆக்கினார்கள். நாம் போய் முறுக்கு கடித்துக்கொண்டு உட்காருகிற பூங்கா அல்ல அது. பறவைக்கும் தண்ணீருக்கும் விட்ட இடம். தி.நகரில் 1923-ல் செய்ததற்கு நேர் எதிரான காரியத்தை இங்கே செய்திருக்கிறோம் என்று பார்க்கும்போது, தொண்ணூறு வருஷத்தில் கொஞ்சமாவது கற்றுக்கொண்டோம் என்று தோன்றுகிறது.

இந்த எல்லா இடங்களுக்கும் எப்போதும் ஓர் ஆபத்து உண்டு. காலியாக இருக்கும் நிலத்தைப் பார்த்தால் அரசுக்கும் தனியாருக்கும் ஏதாவது கட்டத் தோன்றும். 2003-ல் கடற்கரை எதிரே ராணி மேரிக் கல்லூரி இருக்கும் இடத்தில் தலைமைச் செயலகம் கட்ட எண்ணினார்கள். மாணவிகள் போராடினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. பெங்களூரில் கப்பன் பூங்காவையும் லால்பாக்கையும் காப்பாற்ற 1975-லேயே தனியாகச் சட்டம் போட்டார்கள். நம் ஊரில் பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்தில் ஒரு பங்கைப் பொதுவெளிக்கு விட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் சற்றுச் சிறிய மனைப்பிரிவாக இருந்தால் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டிவிடலாம். பணம் கஜானாவுக்குப் போகும், உட்கார இடம் இருக்காது.

நல்ல காரியங்களும் நடக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் கார்களுக்கான இடத்தைக் குறைத்து அகலமான நடைபாதை போட்டார்கள். கைத்தடியோடு போகிறவர்களும் பயமில்லாமல் நடக்கலாம். 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக மணலின் மேல் மரப்பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்த வயதானவர்கள் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அலைக்குப் பக்கத்தில் போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தது, சரிசெய்தார்கள். இப்படிப்பட்ட பாதைக்கு ஆகும் செலவு ஒரு மேம்பாலத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

இப்போது நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலைக்காகப் பனகல் பூங்காவில் ஒரு பகுதியை அடைத்தார்கள். லஸ் பக்கமும் தோண்டினார்கள். ரயில் வேண்டியதுதான். 1931-ல் ரயில் வந்துதான் தி.நகர் வளர்ந்தது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனால் தகரத் தடுப்பை எடுக்கும்போது, எடுத்த இடம் முழுவதும் பூங்காவாகத் திரும்பி வருகிறதா, அல்லது ஒரு மூலை வாகன நிறுத்தமாகவும் இன்னொரு மூலை கடையாகவும் மாறிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டிய மரத்துக்குப் பதில் மரம் வைத்தார்களா, பெஞ்சுகள் பழைய எண்ணிக்கையில் இருக்கின்றனவா, ஒரு கழிப்பறை உண்டா என்று கேட்க வேண்டும். அந்தப் பூங்கா முன்பு எப்படி இருந்தது என்று இளைஞர்களுக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். உங்களிடம் பனகல் பூங்காவின், லஸ் முனையின் பழைய புகைப்படம் இருந்தால் தேதியோடு எடுத்துப் பத்திரமாக வையுங்கள். கவுன்சிலரிடம் போகும்போது கையில் அது இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.